கண்டிச் சோனகர் யாவர்?

(பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், இலங்கைத் தீவின் நடுமலை நாட்டில் விளங்கிய கண்டியரசில் வாழ்ந்த சோனகக் குமுகாயத்தின் தோற்றம். தமிழியக்க மேடையில் இப்பொருள் எதற்கு என்று சிலர் வினவலாம். சிங்களச் சிற்றூர்களுக்கு நடுவில், மலைச்சரிவுகளில், நூற்றாண்டுக் கணக்காகத் தமிழை வீட்டுமொழியாக வைத்துக் காத்தவர்கள் அம்மக்கள். அவர்கள் எங்ஙனம் அங்கு வந்தனர் என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும். அதனினும் மேலாக, அவர்களை நாம் எப்படி மதிக்கிறோம் என்பது நம் நேர்மைக்கு வைக்கப்பட்ட தேர்வு.

"நீ யார்?" என்று ஒருவனைக் கேட்பது வேறு. "நீ யார் என்பதை நான் சொல்கிறேன், கேள்!" என்று அவனுக்குக் கட்டளையிடுவது வேறு. ஈழத்து முசுலிம் மக்களுக்கு இரண்டாவதுதான் மிகுதியாக நேர்ந்திருக்கிறது.

முதலில் பெயரைப் பார்ப்போம். சோனகர் என்பது பழந்தமிழ் வழக்கு. யவனர் என்னும் சொல்லின் திரிபே அது. மேற்றிசையிலிருந்து கடல் கடந்து வந்த வணிகரைக் குறித்த அப்பெயர், பின்னர் அரபியரையும் அவர்தம் வழியினரையும் குறிக்கலாயிற்று. போர்த்துக்கீசியர், தாம் பகைத்துப் போரிட்ட வட ஆப்பிரிக்க முசுலிம்களின் பெயரையே இவர்களுக்கும் சூட்டினர். அதுவே ஆங்கிலேயர் வாயில் 'மூர்' ஆயிற்று. சிங்களர் 'மரக்கல' என்றனர். அதுவோ மரக்கலம் என்னும் நம் சொல்! ஆக, இம்மக்களைச் சிங்களர் அழைத்த பெயரிலும் தமிழ் இருக்கிறது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, இவர்கள் எப்பொழுது வந்தனர்? ஒரே நாளில் ஒரே கப்பலில் வந்திறங்கியவர்கள் அல்லர் இவர்கள். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இலங்கையில் அரபு வணிகர் வாழ்ந்தனர். அங்கு இறந்துபோன வணிகர்தம் மகளிரை இலங்கை வேந்தன் கப்பலேற்றி அனுப்பியதையும், சிந்துநாட்டுக் கரையருகே கடற்கொள்ளையர் அவர்களைச் சிறைப்பிடித்ததையும் அரபு வரலாற்றாசிரியர் பலாதுரி குறித்துள்ளார். கொழும்பில் கிடைத்த அரபுக் கல்லறை எழுத்தொன்று இசுலாமிய ஆண்டு 337, அஃதாவது கி.பி. பத்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது.

1344ஆம் ஆண்டில் மொராக்கோ நாட்டுச் செலவாளர் இபுனு பத்தூத்தா இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு, அவர் துணையோடு பாவா ஆதம் மலைக்குச் சென்றார். சிவனொளிபாதமலை என்று நாம் வழங்குவதும் அம்மலையே. மலைநாட்டுக்குச் செல்லும் வழியில், சிங்கள மன்னனின் நகருக்கு வெளியே, பாரசீகத்துச் சிராசு நகரைச் சேர்ந்த பெரியார் ஒருவர் பெயரால் ஒரு பள்ளிவாயில் இருந்ததை அவர் எழுதியுள்ளார். கண்டியரசு தோன்றுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே மலைநாட்டின் வாயிலில் இசுலாம் இருந்தது என்பதற்கு இது சான்று.

காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டை நீங்கள் அறிவீர்கள். சீனக் கடற்படைத் தலைவன் செங்கு ஓ கொணர்ந்த அக்கல்லில் 1409ஆம் ஆண்டு பொறிக்கப்பட்டுள்ளது. சிங்களவேந்தர் நாட்டில் நடப்பட்ட அக்கல்லில் உள்ள மொழிகள் எவை? சீனம், தமிழ், பாரசீகம்! இந்துமாக்கடல் வணிகத்தில் தமிழும் முசுலிம் வணிகர்தம் மொழியும் அருகருகே நின்றன என்பதைக் கல்லே சொல்கிறது. அரபியர் வந்த வழியிலேயே காயற்பட்டினத்தாரும் கீழக்கரையாரும் மலையாளக் கரையாரும் வந்தனர். வந்தவர் பெரும்பாலும் ஆடவர். கரையோரத்துப் பெண்களை மணந்தனர். தாயின் மொழி பிள்ளையின் மொழியாயிற்று. துறைதோறும் வழங்கிய வணிகமொழியும் அதுவாகவே இருந்ததால், அது நிலைத்துவிட்டது.

கரையோரத்தில் வாழ்ந்த இவர்களை மலைக்குள் தள்ளியது எது? போர்த்துக்கீசியரின் வாள்! 1505இல் இலங்கைக்கு வந்த அவர்கள் கண்ட முதற்போட்டியாளர் முசுலிம் வணிகரே. சமயப்பகையும் வணிகப்பகையும் ஒன்று சேர்ந்தன. 1626ஆம் ஆண்டில், தம் ஆட்சிக்குட்பட்ட நிலத்தினின்று முசுலிம்கள் அனைவரும் வெளியேற வேண்டுமென அவர்கள் கட்டளையிட்டனர். வீடும் கடையும் இழந்து நின்ற அம்மக்களுக்குக் கதவு திறந்தவன் கண்டியரசன் செனரத்து. அவர்களுள் ஏறத்தாழ 4,000 பேரை அவன் மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் எனப் போர்த்துக்கீசியத் துறவி கெய்ரோசு எழுதிய வரலாறே ஒப்புக்கொள்கிறது. வேறு பலர் மலைநாட்டுச் சிற்றூர்களில் குடியேறினர்.

எண்ணிப் பாருங்கள்! கிறித்தவப் பேரரசு ஒன்று துரத்திய முசுலிம்களுக்குப் புத்த நெறி பேணிய சிங்கள அரசன் ஒருவன், தமிழ் வழங்கும் மண்ணில் இடம் தருகிறான். இதில் அருள் மட்டுமன்று, அரசியலும் உண்டு. கரையோரம் பகைவர் கையில் இருந்தபொழுது, மலையரசுக்கு உப்பும் துணியும் கொணரவும், பாக்கையும் மிளகையும் வெளியே கொண்டுசென்று விற்கவும் கடலறிந்த மக்கள் தேவைப்பட்டனர். அடைக்கலம் கொடுத்தவனும் பயன் பெற்றான். பெற்றவர்களும் உழைப்பால் ஈடு செய்தனர்.

கண்டியரசில் மக்கள் நிலம் பெற்று, அந்நிலத்திற்கு ஈடாக அரசுக்கு ஊழியம் செய்தல் முறை. அவ்வூழிய அமைப்பில் 'மடிகே' என்னும் பொதிமாட்டுத் துறை முதன்மையானது. அத்துறையில் சோனகர் பெரும்பங்கு கொண்டனர். வண்டி செல்லாத மலைவழிகளில் பொதிமாடுகளை ஓட்டி, உப்பும் கருவாடும் மலையேற்றியவர்கள் அவர்களே. அரண்மனை மருத்துவராகவும் தூதுவராகவும் சிலர் பணிபுரிந்தனர். 1660 முதல் ஏறத்தாழ இருபதாண்டுக் காலம் கண்டியில் சிறைவைக்கப்பட்டிருந்த ஆங்கிலேயர் இராபர்ட்டு நாக்சு, 1681இல் வெளியிட்ட தம் நூலில் ஒரு செய்தி கூறுகிறார். கண்டிநகரில் சோனகர்க்கு ஒரு தொழுகையிடம் இருந்தது. அதன் பொருட்டு நிலமுடையோர் ஒவ்வொருவரும் ஒரு சிறுகாசு தரவேண்டுமென முந்தைய மன்னன் ஒருவன் ஏற்படுத்தியிருந்தான். புத்தநாட்டு உழவன் தந்த காசில் முசுலிம் தொழுகையிடம் நடந்தது!

மலைநாட்டிலேயே மணம் முடித்தவரும் உண்டு. கண்டிக்கு வடக்கிலுள்ள அக்குறணை ஊர் மக்கள், தம் முன்னோர் இரண்டாம் இராசசிங்கனுக்குத் துணைநின்ற அரபியர் மூவர் என்றும், அவர்கள் கண்டிப் பெண்களை மணந்தனர் என்றும் வழிவழியாகக் கூறுவர். கண்டிச் சோனகக் குடும்பங்கள் பலவற்றிற்குச் சிங்கள வழக்கிலமைந்த குடிப்பெயர் உண்டு. அரபுத் தந்தை, தமிழ்த் தாய், சிங்களத் தாய், காயலிலிருந்து வந்த மறையாசான் என இத்தனை இழைகளும் சேர்ந்து நெய்த துணி அக்குமுகாயம். ஓர் இழையை உருவி எடுத்து, "இதுதான் துணி" என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

ஆயினும் அவர்தம் மொழி தமிழ். தொழுகை, நோன்பு, பெருநாள், பள்ளிவாயில் என்று தூய தமிழ்ச் சொற்களில் தம் சமயத்தைப் பேணுகிறார்கள். வடநாட்டு முசுலிம்கள் நமாசு என்றும் ரோசா என்றும் வழங்குவனவற்றை இவர்கள் தமிழில் வழங்குகிறார்கள். அரபு எழுத்தில் தமிழை எழுதி அரபுத்தமிழ் வளர்த்தார்கள். கண்டியிற் பிறந்த அறிஞர் சித்தி இலெப்பை 1882இல் 'முசுலிம் நேசன்' என்னும் தமிழ்க் கிழமையிதழைத் தொடங்கினார். 1885இல் 'அசன்பே சரித்திரம்' என்னும் புதினத்தை எழுதினார். ஈழத்தின் முதல் தமிழ்ப் புதினம் என்று அறிஞர் பலர் அதனையே சுட்டுகின்றனர். யாழ்ப்பாணத்திலன்று, கண்டி மலைமகனின் கையிலிருந்து அது பிறந்தது! கண்டிப் பகுதி தந்த அருள்வாக்கி அப்துல் காதிறுப் புலவரின் தமிழ்ப்புலமையும் அத்தகையதே.

அன்பர்களே! இந்த மொழியுறவைக் கண்டு நாம் மகிழ்வது முறை. ஆனால் அவ்வுறவை உரிமைப் பத்திரமாக்கியது முறையன்று. பொன்னம்பலம் இராமநாதன் 1885இல் சட்டவாக்க அவையிலும், 1888இல் அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையிலும், சோனகர் இனத்தால் தமிழர், சமயத்தால் மட்டுமே முசுலிம்கள் என்று வழக்காடினார். மொழியையும் பழக்கவழக்கங்களையும் சான்று காட்டினார். அவர் காட்டிய சான்றுகளிற் பல உண்மை. ஆனால் அவற்றை அவர் எடுத்துரைத்த காலத்தை நோக்குங்கள்! முசுலிம்களுக்குச் சட்டவாக்க அவையில் தனியிடம் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்திருந்த காலம் அது. "நீங்களும் நாங்களே, ஆகவே உங்களுக்குத் தனி இடம் எதற்கு?" என்பதே அவ்வழக்கின் உட்பொருளாக அம்மக்களுக்குப் பட்டது. 1889இல் அவர்களுக்கு இடம் கிடைத்தது. 1907இல் அப்துல் அசீசு, தம் முன்னோர் அரபியரே என்று இராமநாதனுக்கு மறுப்பு நூல் எழுதினார். ஒருவர் தமிழிழையை மட்டும் உருவினார். மற்றவர் அரபிழையை மட்டும் உருவினார். ஆனால் முதலில் கைவைத்தது நம் பக்கம் என்பதை மறக்கலாகாது.

இதே சூழ்ச்சியை ஆங்கிலேயரும் செய்தனர். 1815இல் கண்டியைக் கைப்பற்றியபின், வெல்லசைப் பகுதிச் சோனகரைச் சிங்களத் தலைவரின் ஆட்சியினின்று பிரித்து, அவர்களுக்கென ஒரு முசுலிம் தலைவனை அமர்த்தினர். 1817இல் வெடித்த கிளர்ச்சிக்கு அதுவும் ஒரு கரணியமாயிற்று, அத்தலைவன் கொல்லப்பட்டான். இரு நூற்றாண்டு ஒன்றாக வாழ்ந்தவரிடையே பிளவு விழுந்தது. 1915இல் அதே கண்டியில் தொடங்கிய கலவரத்தில் முசுலிம்களின் கடைகளும் உயிர்களும் சூறையாடப்பட்டன. அப்பொழுது சிறைப்பட்ட சிங்களத் தலைவர்களுக்காக இராமநாதன் குரல் கொடுத்தார். "நீங்களும் தமிழரே" என்று அவர் சொன்ன மக்களின் நெஞ்சில் அது எப்படித் தைத்திருக்கும்!

1990 அக்டோபரில் வடமாநிலத்து முசுலிம்கள், எழுபதாயிரத்திற்கும் மேற்பட்டோர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். தமிழ் பேசிய வாயை நோக்கித் தமிழிலேயே "வெளியேறு" என்று கட்டளையிடப்பட்டது. 1626இல் போர்த்துக்கீசியன் செய்ததற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? 2018 மார்ச்சுத் திங்களில், கண்டி மாவட்டத்துத் திகணையிலும் தெல்தெனியாப் பக்கத்திலும் முசுலிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாயில்களும் சிங்களக் கும்பல்களால் எரிக்கப்பட்டன. செனரத்து திறந்த கதவை அவன் வழியினர் என்று சொல்லிக்கொள்வோரே தீயிட்டனர்.

ஆகவே, கண்டிச் சோனகர் யாவர் என்ற வினாவிற்கு விடை இது. அவர்கள் பல கரைகளிலிருந்து வந்து, ஒரு மலையரசில் அடைக்கலம் பெற்று, உழைப்பால் இடம் பிடித்து, தமிழைத் தாய்மொழியாகவும் இசுலாத்தை நெறியாகவும் கொண்டு ஒன்றான தனிக் குமுகாயத்தார். தங்களை எப்பெயரால் அழைத்துக்கொள்வது என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் அவர்களே.

தமிழ் நமக்கும் அவர்களுக்கும் பொதுச்சொத்து. பொதுச்சொத்தில் பங்காளி உண்டு, ஆண்டை இல்லை. மொழியால் உறவு கொண்டாடுகிறவன், அவ்வுறவினன் வீட்டில் தீப்பற்றும்பொழுது தண்ணீர்க் குடத்தோடு ஓடவேண்டும். தீ வைத்தவன் சிங்களனாயினும் தமிழனாயினும் அதனைத் தீ என்றே சொல்லவேண்டும். அதனைச் செய்யாமல், "அவர்களும் தமிழரே" என்று மேடையில் முழங்குவதால் ஒரு பயனும் இல்லை.