நனையாத பை



தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு அடைமழை என்றால் பெரும்பாலும் ஐப்பசியும் கார்த்திகையுந்தான் நினைவுக்கு வரும். வேலையின் பொருட்டு மேலைக் கடற்கரைப் பக்கமாக வந்து குடியேறிய பிறகே, ஆனியிலும் ஆடியிலும் நாட்கணக்கில் வெளுக்காத வானத்தை நம்மிற் பலர் காண்கிறோம். குற்றாலத்தில் சாரலாக நம் முகத்தில் தெளித்த அதே தென்மேற்குப் பருவக்காற்றுத்தான், மலைக்கு இந்தப் பக்கத்தில் குடம் குடமாகக் கொட்டுகிறது. ஆயினும் மலைகள் பசுமை பூண்டு, அருவிகள் சாலையோரம் வந்து விழும் அந்தப் பருவத்திலேதான், சைக்கிளில் ஏறி ஊர் சுற்றிவர வேண்டும் என்ற ஆசையும் எழுகிறது. அவ்வாசை உடையவர்களுக்காக, பயணச் சாமான்களை நனையாமல் கொண்டு செல்லும் பைகளைத் தேர்ந்தெடுக்கும் முறை பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறோம்.

எங்கள் அனுபவம் ஒன்றிலிருந்தே தொடங்குவோம். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதத்தில், புணேயில் வாழும் தமிழர் நால்வர் நாங்கள் மகாபலேசுவரத்துக்குச் சைக்கிளில் புறப்பட்டோம். தூரம் ஏறக்குறைய 120 கிலோமீட்டர். கடல் மட்டத்துக்கு மேல் 1,300 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கும் அவ்வூரில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு நான்கே மாதங்களில் பெய்து தீர்கிறது. இதை அறிந்தேதான் சென்றோம். கடைக்காரர் 'வாட்டர்ப்ரூஃப்' என்று உறுதி கூறி விற்ற பைகள் எங்களிடம் இருந்தன. அவற்றின்மேல் போர்த்துவதற்கு உறைகளும் இருந்தன. எனவே கவலையின்றி மிதித்தோம்.

கிருஷ்ணையாற்றின் கரையிலுள்ள வாயி என்னும் ஊரைத் தாண்டிப் பசர்ணி மலைப்பாதையில் ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. அன்று இரவு விடுதியில் பைகளைத் திறந்தபோது, ஒவ்வொன்றின் அடியிலும் நாலு விரற்கடைத் தண்ணீர் நின்றது. மாற்றுடை, போர்வை, காய்ச்சல் மாத்திரை, கைப்பேசி எல்லாம் அதில் ஊறிக் கிடந்தன. நண்பர் ஒருவருக்குக் குளிரில் பற்கள் கிட்டின. நடுக்கம் அடங்க நள்ளிரவாயிற்று. இன்னொருவரின் தாயார் தஞ்சாவூரில், மகாராஷ்டிரத்தில் பெருமழை என்ற செய்தியைக் கேட்டுவிட்டு, மகனுடைய குரலுக்காக விடியுமட்டும் விழித்திருந்தார். நால்வர் கைப்பேசிகளும் வேலை செய்யவில்லை. விடுதித் தொலைபேசியில் பேசலாமென்றாலோ, தாயாரின் எண் மகனுக்கு மனப்பாடமாக இல்லை. அது நனைந்த கைப்பேசிக்குள்ளேயே இருந்தது. மறுநாள் மாலை புணே திரும்பிய பிறகே அந்த அம்மையாருக்குச் செய்தி போயிற்று.

அதன் பின்னரே, பைக்குள் தண்ணீர் எவ்வாறு நுழைகிறது என்று கருத்தூன்றிப் பார்க்கத் தலைப்பட்டோம். அது நுழையும் வழிகள் மூன்று: துணி, தையல், வாய். வாங்குவோர் பெரும்பாலும் துணியை மட்டுமே தடவிப் பார்க்கிறார்கள். தண்ணீரோ பெரும்பாலும் தையல் வழியாகவும் வாய் வழியாகவுமே வருகிறது. நாம் இன்று சொல்ல வந்ததன் சாரம் இதுதான்.

முதலில் துணியைக் கவனிப்போம். நீர் புகாத துணி செய்யும் முயற்சி பழையது. 1823இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சார்லஸ் மாக்கின்டாஷ், நாப்தாவில் கரைத்த ரப்பரை இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி ஒட்டி, அம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். சைக்கிள் பயணிகள் நெடுங்காலம் நம்பியிருந்தது மெழுகேற்றிய பருத்திக் கித்தானை. நனைந்தால் பருத்தி இழைகள் உப்பி, நெசவின் இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும். மெழுகு மீதி வேலையைச் செய்யும். இங்கிலாந்தில் 1932இல் தொடங்கிய கேரடைஸ் நிறுவனம் இத்தகைய பைகளுக்குப் பெயர் பெற்றது. கித்தான் நீண்ட நாள் உழைக்கும். கிழிந்தால் ஊசி நூலால் தைத்துக்கொள்ளலாம். ஆயினும் நாள் முழுதும் பெய்யும் மழையில் அது நீரைக் குடித்துக் கனக்கும், உலரவும் தாமதமாகும்.

1981இல் தென் இங்கிலாந்தில் மழையில் சைக்கிள் பயணம் செய்த ஹார்ட்முட் ஆர்ட்லீப் என்னும் ஜெர்மானியர், லாரிகளின்மேல் போர்த்தியிருந்த தார்ப்பாயைக் கண்டார். சரக்கை நனையாமல் காக்கும் துணி தம் சாமானையும் காக்காதா என்று எண்ணினார். அத்துணியிலேயே பை செய்து, மறு ஆண்டே அதைத் தொழிலாகவும் தொடங்கினார். பாலியெஸ்டர் துணியின்மேல் பி.வி.சி. பூசிய பைகள் இன்று பல நாடுகளில் செய்யப்படுகின்றன. அத்துணி நீரை உள்ளே விடுவதில்லை. சேற்றை ஈரத்துணியால் துடைத்தெடுக்கலாம். நைலான்மேல் பாலியூரிதேன் பூசிய பைகளும் உண்டு. அவை எடை குறைந்தவை. ஆனால் பூச்சு மெல்லியதாக இருந்தால், வெப்பமும் ஈரமும் நிறைந்த நம் நாட்டில் சில ஆண்டுகளில் பிசுபிசுத்து உரிந்துவிடக்கூடும்.

இரண்டாவது, தையல். எவ்வளவு உயர்ந்த துணியானாலும் ஊசி ஒரு முறை குத்தினால் ஒரு துளை. ஒரு பையைச் சுற்றித் தைத்தால் ஆயிரக்கணக்கான துளைகள். நல்ல பைகளில் விளிம்புகளைத் தைப்பதில்லை. வெப்பத்தால் உருக்கி ஒன்றோடொன்று இணைத்துவிடுகிறார்கள். தைத்த பையானால், தையலின் உட்புறத்தில் நீர் புகாத நாடா ஒட்டியிருக்க வேண்டும். ஆகவே கடையில் பையை உட்புறம் வெளியே வருமாறு திருப்பிப் பாருங்கள். நூல் வரிசை வெறுமையாகத் தெரிந்தால், அது தூறலுக்கு உதவும் பையே அன்றி, அடைமழைக்கு ஏற்றதன்று. கொக்கிகளைப் பொருத்துவதற்காகப் பின்புறத்தில் திருகாணி முடுக்கியிருப்பார்கள்; அங்கே ரப்பர் வளையம் உண்டா என்றும் பார்க்க வேண்டும். எங்கள் பைகளில் நீர் புகுந்த இடங்களில் இதுவும் ஒன்று.

மூன்றாவது, வாய். சாதாரண ஜிப் வைத்த பைக்கு எவ்வளவு மடல் தொங்கவிட்டாலும், காற்றோடு அடிக்கும் மழை பக்கவாட்டில் நுழையும். நீர் புகாத ஜிப் உண்டு. ஆனால் அதன் பற்களில் செம்மண் சிக்கினால் இழுக்க முடியாது. வாயைச் சுருட்டிக் கட்டும் பையே எளியது, உறுதியானது. இரண்டு விளிம்பையும் சேர்த்துப் பிடித்து, உள்ளிருக்கும் காற்றை அழுத்தி வெளியேற்றி, குறைந்தது மூன்று சுற்றுச் சுருட்டிப் பிறகு கொக்கியை மாட்ட வேண்டும். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பையைக் கழுத்துவரை திணித்தால் சுருட்ட இடமிராது. ஒரு சுற்றோடு கட்டிய வாய் ஒழுகவே செய்யும். எனவே தேவைக்குச் சற்றுப் பெரிய பையையே வாங்குவது நன்று. பின்சக்கரத்தின் இருபுறமும் மாட்டும் ஒரு ஜோடிப் பைகள், இரண்டும் சேர்ந்து 40 லிட்டர் கொள்ளுமானால், இரண்டு மூன்று நாள் பயணத்துக்குத் தாராளமாகப் போதும்.

சில பைகளில் ஐ.பி. என்ற எழுத்துகளும் அவற்றை அடுத்துச் சில குறிகளும் அச்சிட்டிருக்கும். மின்கருவிகளுக்காக வகுத்த சர்வதேச அளவுகோல் அது. நீரைக் குறிப்பது கடைசி எண். 4 என்றால் எப்பக்கத்திலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும். 6 என்றால் வேகமாகப் பீச்சியடிக்கும் நீரைத் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கியிருந்தாலும் கெடுதியில்லை. சாலைப் பயணிக்கு 4 போதுமானது; நாம் ஆற்றில் நீந்திச் செல்லப் போவதில்லை. எண்ணே இல்லாமல் வெறும் 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று மட்டும் எழுதியிருந்தால், சிறிது நேரத் தூறலைத் தாங்கும் என்று மட்டுமே பொருள் கொள்க.

போர்வை உறையைப் பற்றியும் ஒரு சொல். அது பையின் முன்புறத்தை மூடும்; சக்கரத்தை நோக்கிய பின்புறத்தை மூடாது. சக்கரம் வாரியிறைக்கும் சேற்றுநீரோ அந்தப் பக்கத்திலேதான் படுகிறது. உள்ளே வழிந்த நீர் உறையின் அடியில் தேங்கி, பையே ஒரு கிண்ணத்தில் உட்கார்ந்ததுபோல் ஆகிவிடும். எங்களுக்கு நேர்ந்தது அதுதான். உறைமட்டும் இருந்தால், அதன் அடியில் நீர் வடிய ஒரு சிறு துளை இடுவது நலம்.

வாங்குமுன் பையை உங்கள் சைக்கிளிலேயே மாட்டிப் பார்த்துவிடுங்கள். கொக்கி கேரியர்க் கம்பியின் பருமனுக்குப் பொருந்த வேண்டும். தளர்ந்திருந்தால் குழியில் இறங்கும்போது துள்ளிக் கழன்றுவிடும். கீழேயும் ஒரு பிடிப்பு இருந்தாலன்றிப் பை ஆடிச் சக்கரக் கம்பிகளில் சிக்கும். மிதிக்கும்போது குதிகால் பையில் இடிக்கிறதா என்று பாருங்கள். கனமான பொருள்களை அடியிலும், இருபுறமும் சம எடையாகவும் வைத்தால் வண்டி தள்ளாடாது.

இத்தனையும் உடைய பையின் விலை எல்லோருக்கும் எட்டுவதன்று. அதனால் மனந்தளர வேண்டாம். இருக்கிற பைக்குள் தடித்த பாலிதீன் உறை ஒன்றை நுழைத்து, அதற்குள் சாமானை அடுக்கி, வாயை முறுக்கி மடித்து ரப்பர் வளையத்தால் இறுக்கிவிட்டால், வெளிப்பை நனைந்தாலும் உள்ளே ஈரம் அணுகாது. விலையுயர்ந்த பை வைத்திருப்பவர்களும் உறங்கும் உடை, மருந்து, கைப்பேசி, அடையாள அட்டை ஆகியவற்றைத் தனி உறையில் இட்டுத்தான் வைக்க வேண்டும். நனைந்தால் பொறுக்கத்தக்கது எது, பொறுக்கத்தகாதது எது என்று பிரித்தறிவதே பாதித் தேர்ச்சி.

இன்னொன்று. வெளிநீரை உள்ளே விடாத பை, உள்நீரையும் வெளியே விடாது. ஈரத்துணியை உலர்ந்த துணியோடு வைத்துச் சுருட்டிவிட்டால், மாலைக்குள் எல்லாம் ஈரமாகிவிடும். ஈரத்துக்கு ஒரு பை, உலர்ந்ததற்கு ஒரு பை என்று பிரித்துவிடுங்கள். வீடு திரும்பியதும் வாயைத் திறந்து நிழலில் காயவைத்து, மடிக்காமல் தொங்கவிடுங்கள், பூஞ்சணம் பிடிக்காது. பி.வி.சி. பையில் துளை விழுந்தால் சைக்கிள் ட்யூபுக்கு ஒட்டும் பசை நிலைக்காது, பி.வி.சி.க்கென உள்ள பசையையே பயன்படுத்த வேண்டும்.

கடைசியாக, ஒரு சோதனை. புதுப் பையின் உள்ளே செய்தித்தாளைக் கசக்கி நிரப்பி, வாயைச் சுருட்டிக் கட்டி, குளியலறையில் குழாய்க்கு அடியில் பத்து நிமிஷம் திருப்பித் திருப்பிப் பிடியுங்கள். பிறகு திறந்து பாருங்கள். காகிதம் எங்கே நனைந்திருக்கிறதோ அங்கேதான் குறை. மலைமேல் இரவில் தெரிந்துகொள்வதைவிட, வீட்டில் பகலில் தெரிந்துகொள்வது நல்லது.

மறு ஆண்டு ஆடியில் அதே நால்வர் அதே பாதையில் சென்றோம். மழையும் குறைவின்றிப் பெய்தது. எங்கள் நால்வரில் இருவரிடம் புதுப் பைகள் இருந்தன. மற்ற இருவரிடம் பழைய பைகளும் பாலிதீன் உறைகளும் இருந்தன. இரவு எல்லோரும் உலர்ந்த சட்டை அணிந்தோம். விடுதி சேர்ந்த கால் மணி நேரத்துக்குள் தஞ்சாவூருக்கு அழைப்புப் போயிற்று. "நனைந்துவிட்டாயா, தம்பி?" என்பதே அந்த அம்மையாரின் முதற் கேள்வி. "நான் நனைந்தேன், அம்மா, பை நனையவில்லை" என்றார் மகன். அவருடைய சட்டைப்பையில், அம்மையாரின் எண்ணை எழுதிய காகிதம் ஒன்றும் இருந்தது, சிறு பாலிதீன் உறையில் மடித்து.