இல்லாத கையில் வலி

(முண்டியம்பாக்கம் கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்டிருக்கும் சங்கதி புராணமும் அல்ல, அரசியலும் அல்ல. நம் ஒவ்வொருவர் மண்டைக்குள்ளும் 1,300 அல்லது 1,400 கிராம் எடையில் உட்கார்ந்திருக்கும் மூளையைப் பற்றியதாகும். பிறரைத் திட்டுவதற்கு மட்டும் அந்தச் சொல்லை நாம் தாராளமாய் உபயோகிக்கிறோமே ஒழிய, அது என்ன காரியம் செய்கிறது என்று கேட்டவர்கள் சொற்பம். மண்டை ஓட்டில் காணும் கோணல் மாணலான கோடுகளைக் காட்டி, இதுதான் பிரமன் எழுதிய தலையெழுத்து என்று சொல்லுவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அது எலும்பும் எலும்பும் பொருந்துகிற மூட்டு. தச்சன் பலகையோடு பலகை சேர்க்கிறானே, அது போன்றது. எழுத்து வெளியே இல்லை. உள்ளே இருப்பதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

இது கரும்புச் சீமை. ரயிலும், சென்னைக்கும் திருச்சிக்கும் போகிற பெருஞ்சாலையும் ஓடுகிற இடம். இயந்திரத்தில் அகப்பட்டுக் கை போனவர்கள், லாரி ஏறிக் கால் போனவர்கள், சர்க்கரை வியாதி முற்றிப் பாதம் எடுக்கப்பட்டவர்கள் சுற்றுப்பக்கத்தில் எந்த ஊரிலும் உண்டு. அவர்களைக் கேட்டுப் பாருங்கள். "கையை எடுத்து ஆறு மாசமாச்சு. ஆனால் கை இருக்கிற மாதிரியே இருக்கிறது. விரல் இறுக மூடிக் கொண்டு நகம் உள்ளங்கையில் குத்துகிறது. ராத்திரி தூக்கமில்லை" என்பார்கள். கை கால் எடுக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் போன அங்கம் இன்னும் இருப்பதாகவே தோன்றுகிறது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த இல்லாத அங்கத்தில் வலியும் உண்டு.

இதைக் கேட்டதும் வீட்டார் என்ன செய்கிறார்கள்? சிலர் சிரிக்கிறார்கள், சிலர் புத்தி பேதலித்து விட்டது என்கிறார்கள். வேறு சிலரோ, எடுத்த கையை முறைப்படி புதைக்கவில்லை, அது ஆவியாய் வந்து சுற்றுகிறது என்று மந்திரவாதியைத் தேடிப் போகிறார்கள். ஏற்கெனவே கையையும் கூலியையும் இழந்தவன், மிச்சமிருக்கிற ஆட்டையும் விற்றுக் கோழி அறுக்கிறான். வலி மாத்திரம் போவதில்லை.

இந்த அறியாமை நம் ஊருக்கு மட்டும் சொந்தமல்ல. இங்கிலாந்தின் கப்பற்படைத் தலைவர் நெல்சன் 1797-ல் டெனரீஃப் தீவுச் சண்டையில் வலது கையை இழந்தார். பிறகு இல்லாத கையின் விரல்கள் உள்ளங்கையில் குத்துவதை உணர்ந்தாராம். கை போன பிறகும் கை இருக்குமானால் உடல் போன பிறகும் ஆத்மா ஏன் இருக்கக் கூடாது என்று அதையே ஆத்மாவுக்கு அத்தாட்சியாகக் கொண்டார் என்று சொல்லுகிறார்கள். பெரிய பீரங்கிகளுக்கு நடுவில் நின்றவர். ஆனாலும் தர்க்கத்தில் நம்முடைய பூசாரிக்கு மேலே போகவில்லை.

நிற்க, உண்மை என்னவென்று பார்ப்போம்.

நம் தோலுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத சிறு கருவிகள் பரவிக் கிடக்கின்றன. ஒரு உள்ளங்கையிலும் விரல்களிலுமாக, தொடுவதை அறியும் கருவிகள் மட்டும் சுமார் 17,000 உண்டு. அழுத்தத்துக்கு ஒன்று, அதிர்வுக்கு ஒன்று, சூட்டுக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று, காயத்துக்கு ஒன்று என்று வகைவகையாக இருக்கின்றன. (தீட்டை அறிவதற்கென்று ஒரு கருவியை எந்த வைத்தியனும் எந்தத் தோலிலும் இதுவரை கண்டதில்லை என்பதை இடையில் சொல்லி வைக்கிறோம்.) இந்தக் கருவிகளிலிருந்து நரம்பு வழியாகச் சிறு மின்துடிப்புகள் முதுகுத்தண்டுக்கு ஏறி, வலப்பக்கத்துச் செய்தி இடப்பக்க மூளைக்கும், இடப்பக்கத்துச் செய்தி வலப்பக்க மூளைக்குமாக மாறி, மூளையின் நடுவே உள்ள தலாமஸ் என்னும் பாகத்துக்கு வந்து சேருகின்றன. அது தபால் பிரிக்கிற ஆபீசு மாதிரி. கண்ணின் செய்தியைப் பின்மண்டைக்கும், காதின் செய்தியைப் பொட்டுப் பக்கத்துக்கும், தோலின் செய்தியை உச்சிக்குச் சற்றுப் பக்கவாட்டில் உள்ள ஒரு பட்டைக்கும் அனுப்புகிறது. மூக்கு மட்டும் இந்த ஆபீசுக்குப் போகாமல் தன் செய்தியை நேரே உள்ளே கொண்டு போய் விடுகிறது.

செய்தி போக நேரம் பிடிக்கும். ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்பவர் 1850-ல் தவளையின் நரம்பை வைத்து இதன் வேகத்தை அளந்தார். அதற்கு முன், அது அளக்க முடியாத வேகம் என்று பெரிய பண்டிதர்களே நினைத்திருந்தார்கள். மனிதனிடத்தில் தொடு நரம்பு வினாடிக்கு சுமார் 50 மீட்டர் ஓடும். மந்த வலி நரம்பு சுமார் 1 மீட்டர்தான். ஆகையால்தான் காலில் கல் தடுக்கினால் "பட்டது" என்பது முதலில் தெரிந்து, "ஐயோ" என்பது சற்றுப் பொறுத்து வருகிறது.

இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று. எல்லா நரம்பிலும் ஓடுவது ஒரே மாதிரியான மின்துடிப்புத்தான். ஒளி ஒரு விதத் துடிப்பு, ஒலி வேறு விதத் துடிப்பு என்று கிடையாது. எந்தக் கம்பி வழியாக வந்தது என்பதை வைத்துத்தான் மூளை அதற்குப் பொருள் சொல்லுகிறது. நம்பாதவர்கள் வீட்டில் கண்ணை மூடிக் கொண்டு, இமையின் வெளிக்கோடியை விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். மூக்குப் பக்கமாக ஒரு ஒளி வட்டம் தெரியும். அங்கே விளக்கேது? அழுத்தியது விரல், கண் நரம்பு வழியாகப் போனதால் மூளை அதை வெளிச்சம் என்கிறது. இப்படித் தெரிந்த ஒளியை ஜோதி தரிசனம் என்று சொல்லிச் சீடர் சேர்ப்பது வெகு சுலபம்.

மிளகாயும் அப்படியே. மிளகாய் சுடுபண்டமல்ல. ஆனால் சுமார் 43 டிகிரி சூட்டுக்குத் திறந்து கொள்ளுகிற ஒரு கதவு வலி நரம்பில் இருக்கிறது. மிளகாயின் காரச்சத்து அதே கதவைத் திறந்து விடுகிறது. மூளைக்குப் போகும் செய்தி, நெருப்புப் பட்டால் போகிற அதே செய்தி. இதை 1997-ல் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் என்பவருக்கு, தொடுவுணர்ச்சியை ஆராய்ந்த ஆர்டெம் பட்டபூட்டியன் என்பவரோடு சேர்த்து 2021-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். பச்சை மிளகாயைக் கடித்து விட்டு "எரிகிறது" என்று நம் பாட்டிமார் சொல்லி வந்தது எவ்வளவு பொருத்தமான வார்த்தை!

இன்னொரு சோதனையையும் செய்து பாருங்கள். ஆள்காட்டி விரலின் மேல் நடுவிரலை ஏற்றிப் பின்னிக் கொண்டு, கண்ணை மூடி, இரண்டு நுனிக்கும் நடுவில் ஒரு பட்டாணியை உருட்டுங்கள். பட்டாணி இரண்டாகத் தோன்றும். விரல் வழக்கமாக இருக்கிற இடத்தில் இருப்பதாகவே மூளை கணக்குப் போடுகிறது. பின்னியிருக்கிறது என்பதைச் சரியாகச் சேர்த்துக் கொள்ளவில்லை. அதாவது, மூளைக்குள் உடம்பைப் பற்றி ஒரு படம் இருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அது பேசுகிறது.

அந்தப் படத்தைக் கண்டு எழுதியவர் கனடா தேசத்தின் மாண்ட்ரியல் நகரில் இருந்த வைல்டர் பென்ஃபீல்ட் என்னும் அறுவை வைத்தியர். வலிப்பு நோயாளிகளுக்குத் தோலை மட்டும் மரக்கச் செய்து, அவர்கள் விழித்திருக்கும்போதே மண்டையைத் திறந்து வைத்தியம் செய்தார். உடம்பு முழுவதின் வலியையும் அறிகிற மூளைக்குத் தன்னைத் தொட்டால் வலிக்காது! மெல்லிய மின்சாரத்தால் அவர் மூளையின் மேல் ஒரு புள்ளியைத் தொட்டால் நோயாளி "என் கட்டைவிரலில் ஏதோ படுகிறது" என்பார். பக்கத்தில் தொட்டால் "உதட்டில்" என்பார். இப்படிப் புள்ளி புள்ளியாய்ச் சேர்த்து 1937-ல் அவரும் போல்ட்ரி என்பவரும் உடம்பின் வரைபடத்தை வெளியிட்டார்கள். அதில் கைக்கும் உதட்டுக்கும் பெரிய நிலம். முதுகுக்கும் தொடைக்கும் கொஞ்சம்தான். நுட்பமாக உணர வேண்டிய உறுப்புக்கு அதிக இடம். கைக்கு அடுத்த வீடு முகம்.

இப்போது கை போனவன் சங்கதிக்கு வருவோம். 1980-ல் கர்ணம் உத்தியோகம் எடுபடும் வரை, ஊர் நிலக் கணக்கெல்லாம் கர்ணத்தின் வசம் இருந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். பெண்ணையாற்று வெள்ளத்தில் ஒருவனுடைய அரைக்காணி அடித்துக் கொண்டு போய்விட்டதென்று வையுங்கள். நிலம் போய்விட்டது, கணக்கில் சர்வே நம்பர் அப்படியே இருக்கிறது. தீர்வை கேட்டு நோட்டீசும் வருகிறது. கை என்பது நிலம். மூளையிலுள்ள படம் கர்ணத்தின் கணக்கு. வெட்டுப்பட்டது நிலம்தான். கணக்கு வெட்டுப்படவில்லை. இதில் ஆவிக்கு எங்கே வேலை?

இந்தத் தோற்றத்துக்குப் பிசாசுக் கை, அதாவது மாயக் கை என்ற அர்த்தத்தில் இங்கிலீஷில் பெயர் வைத்தவர் அமெரிக்க உள்நாட்டுச் சண்டைக் காலத்து வைத்தியர் வெயர் மிட்செல். அது 1871-ல். ஆனால் வெகு காலம், தண்டின் முனையில் அறுபட்ட நரம்பு முடிச்சு விழுந்து தொந்தரவு செய்வதுதான் முழுக் காரணம் என்று நினைத்து, மிச்சமிருந்த கையையும் மேலே மேலே அறுத்தார்கள். வலி போய், திரும்பவும் வந்தது.

இங்கேதான் நம்மவர் ஒருவர் வருகிறார். 1951-ல் தமிழ்நாட்டில் பிறந்து, வட சென்னை ஸ்டான்லி வைத்தியக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்து, பின்னர் அமெரிக்காவில் சான் டியேகோ சர்வகலாசாலையில் ஆசிரியரானவர் வி. எஸ். ராமச்சந்திரன். அவர் கை இழந்த ஒரு வாலிபனின் கண்ணைக் கட்டி, கன்னத்தைப் பஞ்சுக் குச்சியால் தொட்டார். "கன்னத்தில் படுகிறது, இல்லாத என் கட்டைவிரலிலும் படுகிறது" என்றான். கன்னத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் வழிந்தபோது, இல்லாத கையின் மேலும் வழிந்ததாம். முகமும் கையும் படத்தில் அண்டை வீடு என்று சொன்னோமல்லவா? கையின் நிலம் தரிசாய்க் கிடந்ததால் முகம் வேலியைத் தாண்டி உழுது கொண்டது என்பது 1992-ல் அவர் கொடுத்த விளக்கம்.

அடுத்து அவர் செய்தது வலிக்குப் பரிகாரம். விலையுயர்ந்த இயந்திரம் ஒன்றுமில்லை. ஒரு அட்டைப்பெட்டியும் முகம் பார்க்கிற கண்ணாடியுந்தான். கண்ணாடியை மார்புக்கு நேராக நடுவில் நிறுத்தி, நல்ல கையை ஒரு பக்கமும் போன கையின் தண்டை மறுபக்கமும் வைத்து, நல்ல கை தெரியும் பக்கமாகப் பார்க்கச் சொன்னார். கண்ணாடியில் தெரிகிற கை, போன கை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. நல்ல கையை விரித்தால் அதுவும் விரிகிறது. கையைத் திற என்று மூளை உத்தரவு போட்டுக் கொண்டே இருந்தது. திறந்தது என்ற பதில் ஒருநாளும் வரவில்லை. அந்தப் பதிலை இப்போது கண் கொண்டு வருகிறது. மோட்டார் சைக்கிள் விபத்தில் கை போய்ப் பத்து வருஷமாய் மரக்கட்டை போல் அசையாத மாயக் கையோடு இருந்த ஒருவர், முதல் முறை பார்த்ததும் கை அசைகிறது என்று கூவினார். பெட்டியை வீட்டுக்குக் கொண்டு போய்ச் சில வாரம் பழகிய பின், மாயக் கை மறைந்து, விரல்கள் மட்டும் தோளருகில் தொங்குவது போல் மிச்சமிருந்தன.

ஒருவர் இருவருக்குக் குணமாயிற்று என்று சொல்லி நிறுத்தினால் நமக்கும் கோயில் வாசலில் குணமான கதை சொல்லுகிறவனுக்கும் வித்தியாசமில்லை. அமெரிக்க ராணுவ ஆஸ்பத்திரி ஒன்றில் கால் இழந்தவர்களை மூன்று கூட்டமாகப் பிரித்துச் சோதித்து 2007-ல் வெளியிட்டார்கள். ஒரு கூட்டத்துக்குக் கண்ணாடி. ஒரு கூட்டத்துக்குத் துணி போட்டு மூடிய கண்ணாடி. ஒரு கூட்டம் கண்ணை மூடி மனதில் நினைக்க வேண்டியது. நான்கு வாரத்தில், கண்ணாடி பார்த்த ஆறு பேருக்கும் வலி குறைந்தது. மூடிய கண்ணாடியில் ஒருவருக்கும், நினைத்தவர்களில் இருவருக்குமே குறைந்தது. சிலருக்கு வலி கூடவும் செய்தது. பதினெட்டுப் பேர் சிறிய தொகைதான். பின்னால் நடந்த சோதனைகளில் எல்லோருக்கும் இவ்வளவு பலன் தெரியவில்லை.

அது மாத்திரமல்ல. முகம் வேலி தாண்டி உழுதது என்ற விளக்கமே இப்போது வழக்கில் இருக்கிறது. டமார் மேக்கின் என்ற அம்மையாரும் அவர் கூட்டத்தாரும் 2013 முதல் மூளையைப் படம் பிடித்துப் பார்த்து, கை போன பின்பும் கையின் நிலம் கைக்கே இருக்கிறது என்கிறார்கள். கை எடுக்கப் போகிறவர்களை எடுப்பதற்கு முன்னும், எடுத்துச் சில வருஷங்களுக்குப் பின்னும் சோதித்து, படம் மாறவில்லை என்று 2025-ல் அறிவித்திருக்கிறார்கள். கர்ணத்தின் கணக்கு நாம் நினைத்ததை விடக் கெட்டியானது போலும்! ராமச்சந்திரன் நம் நாட்டவர், பெரிய பட்டம் பெற்றவர் என்பதற்காக அவர் சொன்னதை யாரும் வேதமாக வைத்துப் பூட்டவில்லை. அவரும் அப்படிக் கேட்கவில்லை.

மந்திரித்ததால் சிலருக்குச் சற்று வலி குறைகிறதே என்று இங்கே ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். நியாயமான கேள்வி. இடித்துக் கொண்ட முழங்காலை நாம் உடனே தேய்க்கிறோம், ஏன்? தொடு நரம்பின் செய்தி முதுகுத்தண்டில் வலிச் செய்தியின் வாசலைக் கொஞ்சம் சாத்தி விடுகிறது. மெல்சாக், வால் என்ற இருவர் 1965-ல் சொன்ன கருத்து இது. விவரங்களில் திருத்தம் ஏற்பட்டாலும் அடிப்படை நிற்கிறது. வேப்பிலையால் தடவும்போது வேலை செய்வது தடவுதல். தட்சிணை வாங்குவது மந்திரம். அம்மா தடவினால் இனாம்.

இன்னொரு சீட்டில், அப்படியானால் யாரிடம் போவது என்று கேட்டிருக்கிறது. தூரமில்லை. விழுப்புரம் சர்க்கார் வைத்தியக் கல்லூரியும் அதன் ஆஸ்பத்திரியும் 2010 முதல் இந்த முண்டியம்பாக்கத்திலேயே இருக்கின்றன. போய், "இல்லாத கால் வலிக்கிறது" என்று கூச்சப்படாமல் அதே வார்த்தையில் சொல்லுங்கள். வைத்தியருக்கு இது தெரிந்த நோய். நரம்பு வலிக்கென்று மருந்துகள் உண்டு. தண்டில் முடிச்சோ புண்ணோ இருந்தால் அதையும் பார்ப்பார்கள். கண்ணாடிப் பயிற்சியை அவர்களைக் கேட்டுக் கொண்டு வீட்டில் செய்யலாம். காலுக்கானால் நெட்டுக் கண்ணாடி வேண்டும்; ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் போதும். சிலருக்கு முதலில் தலை சுற்றும், சிலருக்கு அழுகை வரும். அப்படியானால் நிறுத்தி விட்டு வைத்தியரிடம் சொல்ல வேண்டியது.

கடைசிச் சீட்டு ஒரு தாயார் எழுதியது. பிறக்கும்போதே கை இல்லாத பிள்ளைக்கும் இப்படித் தோன்றுமா என்கிறார். சிலருக்குத் தோன்றுகிறது, அம்மா. கையை ஒருநாளும் கண்டறியாதவர்களிலும் சிலர், பேசும்போது தங்கள் இல்லாத கை ஆடுகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். ஆகவே அந்தப் படத்தின் ஒரு பாகமாவது பிறவியிலேயே வரையப்பட்டு வருகிறது போல் தெரிகிறது. குழந்தை அப்படிச் சொன்னால் பொய் சொல்லுகிறது என்று அடிக்க வேண்டாம்.