இடுப்பில் கட்டிய எடை

வேலூர்ச் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014-ஆம் ஆண்டு கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில், 77 கிலோ பிரிவில், இருவகைத் தூக்குதலிலும் சேர்த்து 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018-இல் கோல்டு கோஸ்டில் அவர் தூக்கியது 317 கிலோ, அப்போதும் தங்கமே. வெற்றி வீரருக்கும் சுமை ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போவதில்லை.

சேவூரில் பட்டு நெய்யும் என் பழைய மாணவர் ஒருவர், கம்பியைப் பற்றித் தொங்கி, மோவாய் அதற்கு மேல் எழும்வரை உடலைத் தூக்கிப் பழகுகிறார். உடலெடை 60 கிலோ. இடுப்பில் 15 கிலோ கட்டிக்கொள்கிறார். ஓராண்டில் இந்தப் பதினைந்தையும் அறுபதாக்குவாராம்! எள்ளி நகையாட எனக்கு மனமில்லை. இளமையில் பேராசை கொள்ளாதவன் பின்னர் எப்போது கொள்வான்? ஆயினும் கணக்கு ஒன்றுண்டு. உடலும் எடையுமாக இன்று அவர் தூக்குவது 75 கிலோ. தூக்க விழைவது 120. தசை சில திங்களில் வலுப்பெறும். அதனை எலும்போடு பிணைக்கும் தசைநாணோ மெல்லவே தேறும். அவசரப்படுவோர்க்கு முழங்கையில் நோவு காண்பது இதனாலேயே. முழங்கை நொந்தவர் தறியில் அமர்வதெங்ஙனம்? கூலி நின்றுவிடுமே! பாவினை அளவு மீறி இழுத்தால் என்னவாகுமென்று நெசவாளருக்கு நான் கூற வேண்டுவதில்லை.

"தம்பி, அறுபது என்பதை அழிக்க வேண்டா, ஓராண்டு என்பதை மட்டும் அழித்துவிடு" என்றேன். இப்போது ஒரு கிலோத் தட்டுகளாகச் சேர்த்து வருகிறார்.