கடைசி வாங்குப் பிள்ளைக்கும் ஓர் ஆசிரியை

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஒரு வைத்தியரைப் பேச அழைத்தால் நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேச எடுத்துக்கொண்டது மருந்துச் சீட்டில் எழுத முடியாத ஒரு விடயம். பல்கலைக்கழகத்தில் கல்வியியலையும் விசேட கல்வித் தேவைகளையும் கற்பது பற்றியே இன்று சொல்ல வந்தேன். வைத்தியர் ஒருவருக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். அதற்கான காரணத்தை முதலில் சொல்கிறேன்.

என்னிடம் பிள்ளைகளைக் கூட்டிவரும் தாய்மார் பலர். எவரையும் குறித்துச் சொல்லவில்லை. பலர் சொன்னதைச் சேர்த்துச் சொல்கிறேன். "டொக்டர், பிள்ளை நல்லாக் கதைப்பாள். கடைக்குப் போனால் மிச்சக் காசு சரியா எண்ணி வாங்குவாள். ஆனா வாசிக்கத் தெரியேல்லை. மொக்கு எண்டு கடைசி வாங்கில இருத்திப் போட்டினம்." கண்ணைப் பரிசோதிக்கிறோம், காதைப் பரிசோதிக்கிறோம், வேண்டிய மற்றவற்றையும் பார்க்கிறோம். கடைசியில் வாசிப்பு இடர்பாடு என்று எழுதிக் கொடுக்கிறோம். அந்தக் கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு தாய் கேட்பார்: "இதை ஆரிட்டக் கொண்டுபோய்க் குடுக்கிறது?"

அந்தக் கேள்விக்கான மறுமொழி வைத்தியசாலையில் இல்லை. நாங்கள் ஒரு பிள்ளையை அரை மணித்தியாலம் பார்க்கிறோம். ஆசிரியர் நாளுக்கு ஐந்தாறு மணித்தியாலம் பார்க்கிறார். அந்தக் கடதாசியை வாங்கி, திங்கட்கிழமை காலையில் என்ன செய்வது என்று தெரிந்த ஒருவர் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். அப்படிப்பட்டவரை உருவாக்குவதுதான் இந்தப் பட்டப்படிப்பு.

இதில் என்ன படிக்கிறார்கள்? பிள்ளை வளர்ச்சி, கற்றல் உளவியல், கேள்திறன், பார்வை, பேச்சு, அறிவு வளர்ச்சி ஆகியவற்றில் வரும் இடர்பாடுகள், ஓட்டிசம், கணிப்பீடு, பெற்றோருடன் வேலை செய்யும் முறை, சட்டம், கற்பித்தற் பயிற்சி என்று அது விரியும். இவற்றுக்கெல்லாம் நடுவில் தனியாள் கல்வித் திட்டம் என்றொன்று உண்டு. "வாசிப்பில் முன்னேற வேண்டும்" என்று எழுதினால் அது திட்டமாகாது. "இந்தத் தவணைக்குள் குறில், நெடில் வேறுபாடுள்ள பத்துச் சொற்களைத் தானாக வாசிப்பாள், கிழமைக்கு நான்கு நாள், இருபது நிமிடம், இன்னார் கற்பிப்பார், இன்ன நாளில் பார்ப்போம்" என்று எழுதினால் அது திட்டம். நோயாளிக்கு நாங்கள் எழுதும் சிகிச்சைத் திட்டத்துக்கு இது எந்த வகையிலும் குறைந்ததல்ல.

1978இல் இங்கிலாந்தில் மேரி வார்னொக் அம்மையார் தலைமையிலான குழு ஓர் அறிக்கை கொடுத்தது. ஐந்து பிள்ளைகளில் ஒருவருக்குப் பள்ளி வாழ்க்கையின் ஏதோ ஒரு கட்டத்தில் விசேட உதவி தேவைப்படலாம் என்று அது சொன்னது. அவர்களில் மிகப் பெரும்பாலானோர் சாதாரண பாடசாலையிலேயே இருப்பார்கள் என்பதும் அதில் தெளிவாயிற்று. அந்தக் கணக்கை எங்கள் வகுப்பறைக்குப் போட்டுப் பாருங்கள். நாற்பது பேர் உள்ள வகுப்பில் எட்டுப் பேர். எங்களுடன் படித்தவர்களிலும் அவர்கள் இருந்தார்கள்.

எங்கள் நாட்டில் இந்தப் பணி புதியதல்ல. மேரி சப்மன் அம்மையார் 1912இல் தொடங்கிய, செவிப்புலனற்றோருக்கும் விழிப்புலனற்றோருக்குமான பாடசாலை இரத்மலானையில் இருக்கிறது. 1956இல் கைதடியில் நவீல்ட் பாடசாலை உருவாயிற்று. கோண்டாவிலில் சிவபூமிப் பாடசாலை பல பிள்ளைகளுக்கு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. இவர்கள் செய்யும் பணிக்கு நாம் எழுந்து நின்று கைகூப்ப வேண்டும். ஆனால் நான் சொன்ன அந்த எட்டுப் பேர் அங்கே போகப் போவதில்லை. அவர்கள் படிக்க வேண்டியது எங்கள் கல்லூரியைப் போன்ற இடங்களில்தான். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளி என்ற காரணத்தால் கல்வி நிறுவன அனுமதியில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. 2016இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. சட்டம் கதவைத் திறக்கும். உள்ளே வந்த பிள்ளைக்குப் படிப்பிக்க ஆள் வேண்டும்.

"பிள்ளைக்கு ஏற்றபடி பள்ளிக்கூடம் மாறுமோ?" என்று சிலர் கேட்கலாம். எனது வயதினர் அதைக் கண்ணால் கண்டவர்கள். 1995 ஒக்டோபரில் வலிகாமமே எழுந்து நடந்தபோது, தென்மராட்சியில் இன்னொரு பாடசாலையின் கட்டடத்தில், அவர்களுடைய வகுப்பு முடிந்தபின் பிற்பகலில் எங்களுக்குப் படிப்பு நடந்தது. மரநிழல் வகுப்பாயிற்று. கொப்பி இல்லாதவளுக்கு மற்றவள் நடுத்தாளைக் கழற்றிக் கொடுத்தாள். நேரம், இடம், முறை எல்லாமே பிள்ளைகளுக்காக மாறின. உட்படுத்தற் கல்வி என்று இன்று புத்தகங்கள் சொல்வது இதைத்தான்.

அடுத்தது மொழி. வாசிப்பு இடர்பாடு பற்றிய ஆய்வுகளில் மிகப் பெரும்பகுதி ஆங்கிலத்தை வைத்துச் செய்யப்பட்டது. தமிழ்ப் பிள்ளை தடுக்கி விழும் இடங்கள் வேறு. 247 எழுத்துகள். 'கொ' என்று எழுதும்போது உயிர்க்குறியின் ஒரு பாதி முன்னே, மறுபாதி பின்னே. ஒலியோ மெய்க்குப் பின்னாலே வருகிறது. ல, ள, ழ, ன, ண, ந, ர, ற. வீட்டில் "வரேல்லை" என்று கேட்ட காதுக்குப் புத்தகத்தில் "வரவில்லை". ஆங்கிலப் பரீட்சைத் தாளை மொழிபெயர்த்து இந்தப் பிள்ளையை அளக்க முடியாது. தமிழ் தெரிந்த, வடபகுதிப் பேச்சு தெரிந்த ஒருவர் முறைப்படி கற்று, இருந்து செய்ய வேண்டிய வேலை அது.

இதற்கு முன்னோடி எங்கள் மண்ணிலேயே இருக்கிறார். 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் 1864 முதல் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். நூல்களைத் தமிழாக்கினார், சொற்களை உருவாக்கினார், மாணவரையும் அந்த வேலையில் சேர்த்துக்கொண்டார். மருத்துவத்துக்கு அன்று நடந்தது விசேட கல்விக்கு இன்று நடக்க வேண்டும்.

ஆனால் எங்கள் வீடுகளில் என்ன நடக்கிறது? நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளை இந்தத் துறையைச் சொன்னால், ரொறன்ரோவிலிருந்து மாமி தொலைபேசி எடுப்பார்: "இவ்வளவு ரிசல்ற் எடுத்திட்டு ரீச்சருக்கோ போகப்போறாய்?" மாமியைக் குறை சொல்லவில்லை. போரிலும் வறுமையிலும் எங்களைக் கரைசேர்த்தது அந்தக் கணக்குத்தான். இன்றைக்கு அந்தக் கணக்கை ஒருமுறை திருப்பிப் பார்க்கலாம்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, தாய்மாருக்கு. மகள் இந்தத் துறையைக் கேட்டால் மறிக்காதீர்கள். இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் விசேட தேவைகள் கல்விக்கென்றே ஒரு துறை இருக்கிறது. களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் பேச்சு, கேட்டல் விஞ்ஞானப் பட்டம் இருக்கிறது. ஏற்கெனவே ஆசிரியராக இருப்பவர்களும் மேற்படிப்பாக இதைக் கற்கலாம்.

இரண்டாவது, வெளிநாடுகளில் வாழும் சகோதரிகளுக்கு. இங்கிலாந்தில் சாதாரண அரச பாடசாலை ஒவ்வொன்றிலும் விசேட கல்வித் தேவைகளுக்கென ஓர் இணைப்பாளர் இருக்க வேண்டும் என்பது சட்டம். உங்களில் சிலர் அந்த வகுப்பறைகளில் வேலை செய்கிறீர்கள். பணத்தோடு உங்கள் அனுபவத்தையும் தாருங்கள். மாதம் ஒருமுறை சூமில் இங்குள்ள ஆசிரியைகளுடன் இருந்து, தமிழுக்கென்றே வாசிப்புப் பயிற்சிகளை உருவாக்க உதவுங்கள்.

மூன்றாவது, எமது சங்கத்துக்கு. நூற்றாண்டு நினைவாகக் கட்டடங்கள் எழுகின்றன, மகிழ்ச்சி. அத்தோடு, விசேட கல்வி கற்கப் போகும் ஒரு மாணவிக்கோ ஆசிரியைக்கோ ஆண்டுதோறும் ஒரு புலமைப்பரிசில் தாருங்கள். தென்னிலங்கைக்குப் போய்வரும் செலவும் தங்குமிடச் செலவுமே பலரைத் தடுக்கின்றன.

ஒரு பட்டதாரி வந்தவுடன் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லமாட்டேன். வகுப்புப் பெரிது, நேரம் சிறிது, முன்னேற்றம் மெதுவாக வரும். இந்த ஆசிரியையின் வெற்றி எந்தப் பெறுபேற்றுப் பலகையிலும் ஏறாது. பத்து வயதுப் பிள்ளை பேருந்தின் பெயர்ப்பலகையைத் தானாக வாசித்து ஏறும் நாளில், அதைத் தாய் அறிவாள், அந்த ஆசிரியை அறிவாள்.

அந்த ஆசிரியை எங்கள் கல்லூரியின் பிள்ளையாக இருக்கட்டும்.