அளவுப் புத்தகம் யார் கையில்?

(பாலக்காடு மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் உள்ளாட்சிப் பொறியாளர்களும் ஊராட்சி உறுப்பினர்களும் பங்கேற்ற தமிழ்ப் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



பொறியியல் பட்டதாரிகள் நிறைந்த அவையில் பேசுவதற்குத் தமிழ் முதுகலை படித்த ஒருவனை அழைத்திருக்கிறீர்கள். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு எத்தனை மூட்டை சிமெண்ட் வேண்டும் என்று கேட்டால் எனக்கு விடை தெரியாது. கட்சி ஆவணங்களைத் தமிழாக்குவதே நெடுங்காலமாக என் வேலை. 1996இல் கேரளத்தில் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது, அது பற்றிய வெளியீடுகளில் சில பகுதிகளை மொழிபெயர்க்கும் பொறுப்பு இளைஞனாயிருந்த எனக்கு வந்தது. 'டெக்னிக்கல் சாங்ஷன்' என்பதைத் 'தொழில்நுட்ப ஒப்புதல்' என்றும், 'மெஷர்மெண்ட் புக்' என்பதை 'அளவுப் புத்தகம்' என்றும் எழுதிவிட்டு, நல்ல தமிழ் தந்த மனநிறைவோடு அடுத்த பக்கத்திற்குப் போனேன். அளவுப் புத்தகம் ஒன்றை நான் கண்ணால் பார்த்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான். இன்று பேச வந்திருப்பது அந்தப் புத்தகத்தைப் பற்றியே.

இங்குள்ள பொறியாளர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஊராட்சி உறுப்பினர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். நீங்கள் 'எம் புக்' என்று சொல்லும் அந்தப் புத்தகத்தில் பக்கங்களுக்கு எண் இடப்பட்டிருக்கும். தாளைக் கிழிக்கக் கூடாது. அடித்துத் திருத்தினால் அங்கே சுருக்கொப்பம் இட வேண்டும். சாலையின் நீளம், அகலம், கனம் ஆகியவற்றை அளந்து பொறியாளர் அதில் எழுதுவதுதான் பட்டியலாகிறது, பட்டியல்தான் பணமாகிறது. வேலை நடந்த இடத்தில் என்ன இருக்கிறது என்பதைக் கருவூலம் பார்ப்பதில்லை, புத்தகத்தில் என்ன இருக்கிறது என்பதையே பார்க்கிறது. அதிலும் சில அளவுகளைப் பிறகு எவராலும் எளிதில் சரிபார்க்க முடியாது. அடித்தளக் குழியின் ஆழத்தைக் கல் நிரப்புவதற்கு முன் அளக்க வேண்டும். தாருக்கடியில் கிடக்கும் ஜல்லியின் கனத்தைத் தார் ஊற்றுவதற்கு முன் அளக்க வேண்டும். மூடியபின் மண்ணுக்குள் இருப்பதற்கு ஒரே சாட்சி அந்தப் புத்தகம்தான். பல வார்டுகளில் ஒரே நாளில் வேலை நடக்க, அத்தனைக்கும் ஒரே பொறியாளர் என்றால், மூடுவதற்கு முன் அவர் எத்தனை குழிகளுக்குப் போய்ச் சேர முடியும்? போக முடியாத இடத்தின் அளவை எவர் சொல்லி எழுதுகிறார்?

இந்த அளவுக்கு ஒரு வர்க்க வரலாறு உண்டு. ராஜஸ்தானில் அஜ்மீர் மாவட்டத்து ஹர்மாடாவில், பஞ்ச நிவாரண வேலையாக ஒரு சாலை போடப்பட்டது. வேலை செய்தவர்களில் மிகப் பலர் பட்டியல் சாதிப் பெண்கள். அன்று அங்கே குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 7 ரூபாய். ஆனால் பொதுப்பணித் துறை இரு வாரங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு குழுவும் வெட்டிய மண்ணை அளந்து, அளவு குறைந்தால் குழு முழுவதற்கும் கூலியைக் குறைத்தது. காலை முதல் மாலை வரை வெயிலில் நின்ற பெண்ணுக்கு அந்த 7 ரூபாய் கிடைக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்றும், அது அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவை மீறுவதென்றும் 1983 ஜனவரியில் நீதிபதி பகவதி தீர்ப்பளித்தார். சஞ்சித் ராய் வழக்கு என்று சட்டம் படித்தவர்கள் அறிவார்கள். பொறியாளர்கள் அதைத் தங்கள் வழக்காகவும் படிக்க வேண்டும் என்பேன்.

அதே மாநிலத்தில் 1990 மே நாளில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் உருவானது. அருணா ராயும் அவருடைய தோழர்களும் கட்டிய அந்த அமைப்பு நம் அமைப்பு அன்று. அவர்களோடு நமக்குக் கருத்து வேறுபாடுகளும் உண்டு. ஆனால் நாம் கேட்கத் தவறிய ஒரு கேள்வியை அவர்கள் கேட்டார்கள். "நீ வேலை செய்யவில்லை என்று ஏட்டில் இருக்கிறது" என்று கூலியாளிடம் சொல்லப்பட்டபோது, அந்த ஏட்டைக் காட்டு என்றார்கள். 1994 டிசம்பரில் கோட் கிரானாவில் நடந்த முதல் மக்கள் விசாரணையில் வருகைப் பதிவேடுகளும் பட்டியல்களும் ஊர் கூடி உரக்கப் படிக்கப்பட்டன. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திற்கு வேர் அங்கே இருக்கிறது. அச்சட்டம் ஆவணத்தின் நகலைப் பெறும் உரிமையோடு நிற்கவில்லை. வேலை நடக்கும் இடத்தைப் பார்வையிடவும், பயன்படுத்தப்பட்ட பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியை எடுத்துக்கொள்ளவும் உரிமை தருகிறது. இந்த உரிமையை எத்தனை கிளைகளில் பயன்படுத்தியிருக்கிறோம் என்று கைதூக்கச் சொன்னால் நமக்கே வெட்கமாக இருக்கும், ஆகவே கேட்கவில்லை.

இனிக் கேரளம். 1996 ஆகஸ்ட் 17 அன்று, சிங்க மாதத்தின் முதல் நாளில், மக்கள் திட்ட இயக்கம் தொடங்கப்பட்டது. தோழர் இ.எம்.எஸ். அதன் உயர்நிலை வழிகாட்டுக் குழுவின் தலைவராயிருந்தார். மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு என்ற முடிவு, அரசியல் நோக்கில் எவ்வளவு பெரியது என்பதை இங்கே நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றிருந்த 1,214 உள்ளாட்சி அமைப்புகளுக்கும் பணம் வந்தது. மதிப்பீடு தயாரிக்கவும் ஒப்புதல் தரவும் வேண்டிய பொறியாளர்கள் அதற்கேற்ப வரவில்லை. ஒப்புதல் தரும் அதிகாரம் துறைகளிடமே இருந்தால் ஆயிரக்கணக்கான திட்டங்கள் மேசையிலேயே கிடந்துவிடும் என்ற நிலை. அப்போது ஓய்வுபெற்ற பொறியாளர்களையும் பிற வல்லுநர்களையும் திரட்டித் தன்னார்வத் தொழில்நுட்பக் குழு அமைக்கப்பட்டது. வாழ்நாள் முழுவதும் தலைமைப் பொறியாளரின் முகம் பார்த்துக் கையெழுத்திட்டவர்கள், ஓய்வுக்குப் பின் ஊராட்சித் தலைவரோடு சமமாக அமர்ந்து மதிப்பீட்டை விவாதித்தார்கள். சிலர் வர மறுத்தார்கள். வந்தவர்களிலும் சிலர் பாதியில் விட்டுப் போனார்கள். அதையும் சொல்ல வேண்டும்.

ஒப்பந்தக்காரரை விலக்கிப் பயனாளிகள் குழுவே வேலையை எடுத்துச் செய்வது என்பது அந்த இயக்கத்தின் துணிச்சலான ஏற்பாடு. பல ஊர்களில் அது வென்றது. பல ஊர்களில் பழைய ஒப்பந்தக்காரரே குழுவின் பெயரில் பினாமியாக உள்ளே வந்தார். இயக்கத்தை முன்னின்று நடத்தியவர்களே இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். நான் கவனித்தவரை, குழு உறுப்பினர்களுக்கு மதிப்பீட்டைப் படித்துப் புரியவைக்க ஒரு பொறியாளர் மெனக்கெட்ட இடத்தில் பினாமிக்கு வேலை கடினமாயிற்று. தாள் புரியாத இடத்தில் அவருக்கு எல்லாம் எளிதாயிற்று.

இங்கே என் தொழில் சார்ந்த ஒரு குறிப்பு. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது, 74ஆவது திருத்தங்கள் ஊராட்சிகளுக்கு 29 பொருள்களையும் நகராட்சிகளுக்கு 18 பொருள்களையும் அட்டவணையிட்டன. ஆனால் 243ஜி பிரிவு, சட்டமன்றம் இந்த அதிகாரங்களை 'வழங்கலாம்' என்கிறது. 'வழங்க வேண்டும்' என்று சொல்லவில்லை. அந்த ஒரு 'லாம்' விகுதியில் இந்திய உள்ளாட்சியின் பாதி வரலாறு அடங்கும். பல மாநிலங்களில் பணி இறங்கி வந்தது, பணியாளர் இறங்கி வரவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் கூப்பிட்டால் வர வேண்டிய கட்டாயம் பொறியாளருக்கு இல்லை. நகரங்களில் நிலைமை வேறு வகை. 2015இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த பொலிவுறு நகரத் திட்டம் 100 நகரங்களில் நிறுவனச் சட்டத்தின்கீழ்த் தனித்தனி நிறுவனங்களை உருவாக்கியது. திட்ட அறிக்கையைத் தனியார் ஆலோசகர் எழுதினார். நகராட்சிப் பொறியாளர் அதைச் சரிபார்க்கும் எழுத்தரானார். மாமன்றத்தில் கேள்வி எழுந்தபோது, அது நிறுவனத்தின் விவகாரம் என்று பதில் வந்தது.

இனிச் சொல்லப்போவது இந்தப் பகுதியில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. ஊராட்சியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இங்கிருப்பவர்களில் சிலருக்குத் தெரிந்திருக்கலாம். வேலை உறுதித் திட்டத்தில் ஒப்பந்த அடிப்படையில் பணியாற்றிய இளம் பெண் பொறியாளர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். ஒரு சிறிய கான்கிரீட் சாலையின் மதிப்பீட்டைத் தமிழில் பலகையாக எழுதி வைக்க விரும்பினார். வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசும் பெண்கள். ஆங்கிலத் தாளை வாங்கி, 'பருஞ்சல்லி', 'நுண்சல்லி' என்றெல்லாம் அழகாக எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த கொத்தனார் படித்துவிட்டுச் சிரித்தார். "முக்கா இஞ்ச் ஜல்லின்னு எழுதுங்க சார். அதுக்குப் பேரு எம் சாண்ட். இப்படி எழுதுனா யாருக்கு வெளங்கும்?" என்றார். எம்.ஏ. பட்டத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திருத்தினேன். 'கனம் 15 சென்டிமீட்டர்' என்ற வரி மட்டும் அப்படியே இருந்தது. வார்டுக் கூட்டத்தில் அதைப் படித்துக் காட்டியபோது பொறியாளர் தம் இரு கைகளின் நான்கு நான்கு விரல்களைச் சேர்த்து வைத்து, எட்டு விரல் கனம் என்று காட்டினார். இது எனக்குத் தோன்றாத மொழிபெயர்ப்பு.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். "நாங்க கொட்டுனது நாலு விரல்தானே மேடம்? எட்டு விரல்னு எழுதியிருக்குதே?" என்றார்.

மறுநாள் மூன்று இடங்களில் தோண்டிப் பார்த்தார்கள். எங்கும் 8 சென்டிமீட்டரைத் தாண்டவில்லை. ஜல்லியும் சிமெண்டும் கொடுத்தவரின் பட்டியல் 15க்குத் தயாராக இருந்தது. பொறியாளர் அளவுப் புத்தகத்தில் 8 என்று எழுதினார். பலர் அவரிடம் பேசினார்கள். மூடிய சாலையை யார் பார்க்கப் போகிறார்கள் என்றார்கள். அவர் எழுதியதை அடிக்கவில்லை. ஹர்மாடாவில் உழைத்தவரின் கூலியைப் பறித்த அதே அளவு, இங்கே உழைத்தவரின் சொல்லைக் கேட்டு எழுதப்பட்டது. மார்ச் மாதம் ஒப்பந்தம் முடிந்தது. ஏனையோருக்குப் புதுப்பித்தார்கள், அவருக்குப் பணி நிறைவளிக்கவில்லை என்று ஒரு வரிக் கடிதம் வந்தது.

நாம் என்ன செய்தோம்? "ஒரு பொறியாளருக்காக ஊரில் பகை வேண்டுமா?" என்று ஒரு தோழர் சொன்னார். அவர் கெட்டவர் அல்லர். உள்ளாட்சித் தேர்தல் நெருங்கியிருந்தது. நான் நம் இதழுக்கு ஒரு பத்தி எழுதியிருக்கலாம். மொழிபெயர்ப்பு வேலை குவிந்திருந்தது என்பது நான் எனக்கே சொல்லிக்கொண்ட சாக்கு. எழுந்து கேட்ட அந்தப் பெண்ணுக்கு அதன்பின் பல வாரங்கள் வேலைக்கான அழைப்பு வரவில்லை என்பதையும் பிறகுதான் அறிந்தேன். இதை என் சுயவிமர்சனமாகவே இங்கு பதிவு செய்கிறேன்.

பொறியாளர் என்றாலே கமிஷன் வாங்குபவர் என்று மேடையில் பேசிப் பழகிவிட்டோம். வாங்குபவர்கள் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படும் வேலையில் இருக்கும் ஒருவரிடம் நேர்மையைத் தனிமனிதப் பண்பாக மட்டும் எதிர்பார்ப்பது நம் அரசியலுக்குப் பொருந்தாது. மறுபுறம், பொறியாளர்களின் சங்கங்களில் ஊதியம், பதவி உயர்வு, இடமாற்றம் பற்றிப் பேசுகிறோம். அளவு பற்றிப் பேசுவதில்லை. நிரந்தரப் பணி கேட்கும் கோரிக்கையும் சரியான அளவு எழுதும் உரிமையும் ஒன்றோடொன்று பிணைந்தவை. வேலை பறிபோகும் அச்சம் இருக்கும் வரை அந்தப் பேனா ஒப்பந்தக்காரரின் பக்கமே சாயும். இளம் பொறியாளர்களுக்கும் ஒரு சொல்: பத்தாம் வகுப்பைத் தாண்டாத தலித் பெண் தலைவரிடம் ஆங்கிலத் தாளை நீட்டி, இங்கே ஒப்பமிடுங்கள் என்று சொல்லும் பழக்கம் நம் தோழர்களிடமும் இருக்கிறது. அதைப் படித்தவனின் அவசரம் என்று விட்டுவிட முடியாது. அதில் சாதியும் கலந்திருக்கிறது.

பகுதிக் குழுவின் முன் நான் வைக்கும் வேண்டுகோள் சிறியது. நாம் நிர்வகிக்கும் ஊராட்சிகளிலிருந்தே தொடங்குங்கள். பட்டியலுக்குப் பணம் போகுமுன் அளவுப் புத்தகத்தின் அந்தப் பக்கம் வார்டுக் கூட்டத்தில், அங்குள்ளவர்கள் பேசும் மொழியில் படிக்கப்படட்டும். மூடப்படும் வேலையை அளக்கும்போது, அங்கே உழைத்தவர்களில் இருவர் உடனிருக்கட்டும். அப்படி எழுதிய அளவுக்காக ஒரு பொறியாளருக்கோ கூலியாளருக்கோ இடர் வந்தால், அது கட்சிக் கிளையின் அடுத்த கூட்டத்தில் முதல் பொருளாக வரட்டும். மொழிபெயர்த்துக் கொடுப்பது என் பொறுப்பு. இம்முறை 'பருஞ்சல்லி' இருக்காது.

கேள்விகளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருப்பதாகத் தலைவர் குறிப்பு அனுப்பியிருக்கிறார். விலைவிகிதப் பட்டியல் பற்றிய கேள்விகளை முன்வரிசையில் இருக்கும் பொறியாளர்களிடம் கேளுங்கள்.