நாடு ஒன்றானது, வாக்கு ஒன்றானதா?
(காப்பாரில் நடந்த தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மலாயா, சிங்கப்பூர், சபா, சரவாக் ஆகியவை இணைந்து 1963ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் தேதி மலேசியா உதயமாயிற்று. ஏழே மாதங்களில், 1964 ஏப்ரல் 25ஆம் தேதி, பொதுத் தேர்தல் வந்தது. இந்தோனேசியா புதிய நாட்டை எதிர்த்து நின்ற நேரம் அது. கூட்டணிக் கட்சி 104 இடங்களில் 89ஐப் பெற்றது. நமது கிள்ளானில் திரு. வெ. மாணிக்கவாசகம் வென்றார். பங்சாரில் தொழிற்சங்கவாதி திரு. தேவன் நாயர் வென்றார். அவர் ஒரு ரப்பர் தோட்டக் கிராணியின் மகன் என்பதை நாம் பெருமையுடன் நினைக்கலாம்.

ஆனால் நாடாளுமன்றத்தில் மொத்தம் 159 ஆசனங்கள். மீதி 55 எங்கே? சிங்கப்பூருக்கு 15, சபாவுக்கு 16, சரவாக்குக்கு 24. அந்த 55 பேரை அங்குள்ள மக்கள் நேரடியாக வாக்களித்து அனுப்பவில்லை, சட்டமன்றங்களே அனுப்பின. வாக்குப் பெட்டி மலாயாவில் மட்டுமே வைக்கப்பட்டது. சிங்கப்பூர் 1965 ஆகஸ்ட் 9ஆம் தேதி பிரிந்து போயிற்று. சபா, சரவாக் மக்களோ, 1969 மே கலவரத்தால் நின்ற தேர்தல் 1970இல் நடந்து முடிந்த பிறகே தங்கள் பிரதிநிதிகளைத் தாங்களே அனுப்பினார்கள். நாடு ஒன்றானது ஒரே நாளில். வாக்கு ஒன்றாக ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் பிடித்தன.

தோழர்களே! பெரட்டில் பெயர் கூப்பிட்டுச் செக்ரோலில் பதிந்தால்தான் அன்றைய சம்பளம். வாக்காளர் பட்டியலும் அப்படித்தான்.

2021 டிசம்பர் 15 முதல் 18 வயது நிரம்பிய குடிமக்களின் பெயர் தானாகவே பட்டியலில் ஏறுகிறது. அதனால் நம் வேலை முடிந்துவிட்டதா? இல்லை. பிறப்புப் பத்திரம் இல்லாமலும், சிவப்பு அடையாள அட்டையுடனும் இருப்போர் நம்மிடையே இன்னும் உண்டு. அவர்கள் குடியுரிமை பெறாதவரை அந்தப் பட்டியலில் இடமில்லை. தோட்டம் வீடமைப்புக்குப் போனதும் லயத்தை விட்டுக் கிளம்பியவர்கள் பலர், அடையாள அட்டையில் பழைய விலாசத்தையே வைத்திருக்கிறார்கள். வாக்குச் சாவடியைத் தீர்மானிப்பது அந்த விலாசம்தான்.

ஆகவே, ஒவ்வொரு வீட்டிலும் பட்டியலைச் சரிபாருங்கள். விலாசம் மாறியவர்கள் பதிவிலாகாவில் மாற்றிக் கொள்ளுங்கள். பத்திரம் இல்லாதவர்களைத் தனியே அலைய விடாதீர்கள். சங்கக் கிளைக்கு அழைத்து வாருங்கள். மனு எழுத நாங்கள் இருக்கிறோம்.

தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு ஓடிப் பயனில்லை. இன்றே தொடங்குவோம்.