கண் மருத்துவரும் கண்ணாடிக் கடையும்

 

கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைப் படித்துக் காட்டி மூக்குக்கண்ணாடி வாங்கி வருவதையே கண் மருத்துவம் எனக் கொள்வோர் இன்றும் பலர். பார்வையின் அளவைக் கணித்துக் கண்ணாடி எழுதித் தருபவர் ஆப்டோமெட்ரிஸ்ட். அவர் பணி இன்றியமையாதது. எனினும் அவர் கண் மருத்துவர் அல்லர். ஐந்தரை ஆண்டுகள் எம்.பி.பி.எஸ். பயின்று உடல் முழுவதையும் அறிந்தபின், மேலும் மூன்றாண்டுகள் கண் ஒன்றையே கற்று எம்.எஸ். பட்டம் பெறுபவரே கண் மருத்துவர்.

இத்துணைச் சிறிய உறுப்புக்கு இத்தனை ஆண்டுகளா என வியக்கலாம். கண்புரை அறுவையில் கலங்கிய வில்லையை நீக்கும்போது, அதன் பின்னுறை கிழியாமல் காத்தல் வேண்டும். செயற்கை வில்லை அமர்வது அவ்வுறைக்குள்தான். தலைமயிரினும் பன்மடங்கு மெல்லியது அது. நுண்ணோக்கியின்கீழ் விரல் நடுங்காதிருக்கப் பழகுவதற்கே நெடுநாள் வேண்டும். விலங்குகளின் கண்களில் பழகுவது வழக்கம். இப்போது செயற்கைக் கண் மாதிரிகளும் கணினிக் கருவிகளும் அப்பயிற்சிக்கு வந்துவிட்டன. கொல்லாமை போற்றும் இவ்வவை மகிழத்தக்க செய்தி அது.

கைப்பயிற்சியின் அருமைக்கு மருத்துவர் கோ. வெங்கடசாமியின் வாழ்வே சான்று. மகப்பேறு மருத்துவராக விழைந்த அவரை முடக்குவாதம் படுக்கையில் வீழ்த்தியது, விரல்கள் கோணின. அவர் சோர்ந்துவிடவில்லை. கண் மருத்துவம் பயின்று, அவ்விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, நூறாயிரத்துக்கும் மேற்பட்ட கண்களுக்கு அறுவை செய்தார். அரசுப்பணியில் ஓய்வுபெற்ற 1976ஆம் ஆண்டில், மதுரையில் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கியதே அரவிந்த் கண் மருத்துவமனை. ஓய்வு என்பதற்கு அவர் கண்ட பொருள் அது!

புரையால் மங்கிய பார்வை பெரும்பாலும் அறுவையால் மீளும். கண் அழுத்த நோயால் இழந்த பார்வையோ மீளாது. 1819ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பெற்று இன்று எழும்பூரில் விளங்கும் கண் மருத்துவமனையின் தலைவராயிருந்த இராபர்ட் எலியட், இந்நோய்க்கு ஓர் அறுவை முறையைப் பரப்பி உலகப் புகழ் பெற்றார். ஆயினும் அன்றும் இன்றும் எந்த மருத்துவமும் எஞ்சிய பார்வையைக் காப்பதே, போனதை மீட்பதன்று. இந்நோயின் பெரும்பாலான வகை வலிக்காது. நடுப்பார்வையை விட்டுவைத்து ஓரப்பார்வையை முதலில் தின்னும். ஆதலால் எழுத்துப் பலகையின் கடைசி வரியைத் தடையின்றிப் படிப்பவருக்கும் நோய் முற்றியிருத்தல் கூடும். கண்ணின் அழுத்தத்தை அளந்து, பார்வை நரம்பை நேரே நோக்கும் மருத்துவரே அதனைக் கண்டறிவார்.

பெற்றோர்க்கோ உடன்பிறந்தார்க்கோ இந்நோய் இருப்பின் நாற்பது வயதுக்குமுன்பே கண்களைக் காட்டுதல் நலம். அச்செய்தியை மருத்துவரிடம் தாமே சொல்லுதலும் வேண்டும். நீரிழிவுடையோர் பார்வை தெளிவாயிருப்பினும் ஆண்டுக்கொருமுறை விழித்திரையைச் சோதித்தல் கட்டாயம். சொட்டு மருந்திட்டபின் சில மணி நேரம் கண் கூசும். வண்டியோட்டத் துணைக்கு ஒருவரை உடன் அழைத்துச் செல்க.